ஒன்பது படுக்கையின் மின்சாரம்

என் தம்பி ஒன்பது பேர் என்று எழுத்துமூலம் அறிவிக்கப்பட்ட நாளில் அவனுடைய எடை நாற்பத்தேழு கிலோ.

அந்த அறிவிப்பு என்னிடம் இருக்கிறது. முத்திரை, கையொப்பம், தேதி எல்லாம் சரி. ஒரு பிழை கிடையாது. நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் புத்தகங்களுக்கு எண் போட்டவள் நான். காகிதத்தைப் பார்த்தால் முதலில் பிழையைத்தான் தேடுவேன்.

தம்பி கணினி பழுதுபார்ப்பவன். தொண்டையில் கட்டி என்றார்கள். அறுவை செய்தால் பிழைக்கலாம், ஆனால் குரல் போய்விடும் என்றார்கள். அவன் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் கடையின் பின் அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு, தன் குரலைத் தானே பதிவு செய்தான். பிறகு எதையாவது தட்டினால் கணினி அவன் குரலிலேயே பேச வேண்டும். அதுதான் திட்டம்.

"என்னென்ன சொல்லி வைக்கணும்னு ஒரு லிஸ்ட் போடு அக்கா."

போட்டேன். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, தலையணையை உயர்த்து, ஜன்னலைச் சாத்து. வாசித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இதெல்லாம் நோயாளி பேசறது. நான் பேசறது எங்கே?"

"நீ என்ன பேசுவே?"

"நான் என்ன பேசுவேன்னு ஐம்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கே, தெரியாதா உனக்கு?"

என் பட்டியலையும் பதிவு செய்தான், தன்னுடையதையும் பதிவு செய்தான். மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வாக்கியங்கள். "அக்கா, கொஞ்சம் வாயை மூடு" என்பதை மட்டும் மூன்று தொனிகளில்.

அறுவைக்குப் பிறகு அவனை நீண்டகாலச் சிகிச்சை இல்லத்துக்கு மாற்றினார்கள். ஒன்பது படுக்கை கொண்ட வார்டு. எல்லோரும் தொண்டை நோயாளிகள். பாதிப் பேருக்குப் பேச்சு கிடையாது, மீதிப் பேர் காற்றாகப் பேசுவார்கள். சிகிச்சையில் தம்பியின் கைகளிலும் வலு குறைந்துகொண்டே வந்தது. முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதினான். மூன்றாம் வாரம் பேனா நழுவியது. விசையை அழுத்துவதற்கு மட்டும் விரல்களில் தெம்பு இருந்தது.

மடிக்கணினி கொண்டு போனேன். வாசலிலேயே வார்டு மேற்பார்வையாளர் நிறுத்தினார்.

"பேட்டரி இருக்கிற எதுவும் உள்ள வரக்கூடாதும்மா. ஆக்சிஜன் குழாய் இருக்கிற வார்டு."

அவர் சட்டைப் பையில் ஒரு போனும் கையில் ஒரு போனும் இருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இது ஆபீஸ் போன்" என்றார்.

பேட்டரி இல்லாத, சுவரில் செருகுகிற கணினி என்றால் விதியில் இடமுண்டாம். ஒரே நிபந்தனை: படுக்கையோர அலமாரியின் நடுத்தட்டில் அடங்க வேண்டும். தம்பி என்னை அளக்கச் சொன்னான். அகலம் முப்பத்து நான்கு சென்டிமீட்டர், உயரம் இருபத்தாறு, ஆழம் முப்பத்தெட்டு. வீட்டில் இருந்த அவனுடைய கணினி ஒரு சின்னப் பீரோ அளவு. உள்ளிருக்கும் பாகங்கள் போதும், புதிதாக ஒரு குட்டிப் பெட்டியும் அதற்கேற்ற பவர் சப்ளையும் சின்ன மதர்போர்டும் வாங்கினால் நாமே கட்டிவிடலாம் என்று எழுதிக் காட்டினான். அவன் முகத்தில் ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒரு களை வந்தது.

கணினிக் கடையிலிருந்து பெட்டிகளின் படப் புத்தகங்களை வாங்கி வந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதினான். பக்கவாட்டில் கண்ணாடி போட்டதற்கு 'மீன் தொட்டி'. குறுகலாய் உயர்ந்து நின்றதற்கு 'ஒட்டகம்'. தட்டையானதற்கு 'தோசைக்கல்' என்று எழுதி, 'உள்ளே மூச்சு முட்டும்' என்று சேர்த்தான். கடைசியில் நான்குபுறமும் துளையிட்ட, அழகில்லாத ஒரு தகரப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தான். நீளம் முப்பத்திரண்டு, அகலம் இருபது, உயரம் இருபத்து நான்கு.

"இதுவா? பார்க்க எலிப்பொறி மாதிரி இருக்கேடா."

'காற்று போகும்' என்று எழுதினான்.

பவர் சப்ளையில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். முந்நூறு வாட்டே தாராளம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தம்பி நானூற்றைம்பது கேட்டான். எதற்கு என்றேன். பேனாவை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக எழுதினான்: 'பெரியது சிரமப்படாது. சூடாகாது. விசிறி சுற்றாது. சத்தம் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்குவார்.'

அடுத்தவர் தூக்கத்துக்காக அவன் தேர்ந்தெடுத்த எண் அது.

படுக்கையோர உபகரண அனுமதிக் குழுவின் அலுவலகம் மூன்றாவது மாடியில். பெட்டியையும் பவர் சப்ளையையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தேன். அதை இரண்டாகக் கிழித்து இரண்டு பிரிவுக்கு அனுப்பினார்கள். கிழிக்க ஓர் இரும்பு அளவுகோல் வைத்திருந்தார்கள். கோணல் இல்லாமல் கிழிந்தது.

பெட்டி தளவாடப் பிரிவுக்குப் போனது. தளவாட அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த நான்கு ரப்பர் குமிழ்களை விரலால் தொட்டு எண்ணினார்.

"நாலு கால் இருக்கே."

"கால் இல்ல சார், வழுக்காம இருக்க வச்ச ரப்பர்."

"தரையிலேர்ந்து தூக்கிப் பிடிக்குதா இல்லையா?"

"அரை சென்டிமீட்டர் தூக்கும்."

"அப்ப காலுதான். நாலு காலும் மேல ஒரு தட்டும் இருந்தா அது முக்காலி வகை." பெரிய பதிவேட்டைத் திருப்பினார். "ஒரு படுக்கைக்கு முக்காலி வகையில ஒண்ணுதான் அனுமதி. உங்களுக்கு ஏற்கெனவே பார்வையாளர் முக்காலி ஒண்ணு கொடுத்திருக்கோம்."

"நான் உட்காருறது அது."

"அதை ஒப்படைச்சிட்டு இதுல உட்காருங்க."

"இதுல உட்கார முடியாது சார்."

"அது உங்க சௌகரியம்மா. விதியில அது இல்ல."

ரப்பரைப் பிய்த்துவிட்டுக் கொண்டு வரலாமா என்று கேட்டேன். விண்ணப்பித்த பொருளை விண்ணப்பத்துக்குப் பிறகு மாற்றுவது ஏமாற்று வேலை என்றார். ஆகவே முக்காலியை ஒப்படைத்து ரசீது வாங்கினேன். படுக்கையின் ஓரத்தில் பார்வையாளர் உட்காரக் கூடாது. அன்றிலிருந்து தம்பியின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

பவர் சப்ளை மின் பிரிவுக்குப் போனது. அங்கே இருந்தவர் மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார்; அன்று முழுக்க நான் உட்கார்ந்தது அங்கேதான். லேபிளைப் படித்துவிட்டுக் கணக்கிடும் கருவியை எடுத்தார்.

"ஒரு படுக்கைக்கு அம்பது வாட். ஒரு விசிறி, ஒரு விளக்கு. உங்களுது நானூத்தம்பது. அப்ப உங்க தம்பி ஒன்பது பேர்."

"சார், அது அவ்வளவு கொடுக்க முடியும்னு அர்த்தம். அவ்வளவு இழுக்கும்னு அர்த்தம் இல்ல. இது நாப்பது கூட இழுக்காதுன்னு தம்பி சொல்றான்."

"சொல்றாரா? பேச்சு வராதுன்னு போட்டிருக்கே?"

"எழுதிக் காட்டினான்."

"எழுதிக் காட்டினார்னு சொல்லுங்க. ரெக்கார்டுல அப்படித்தான் வரணும்."

"வாளி பெரிசா இருந்தா கிணறு வத்திடுமா சார்?"

அவர் கருணையோடு சிரித்தார். "நாங்க வாளியைத்தான்மா அளக்கறோம். தண்ணியை அளக்க ஆரம்பிச்சா தினம் தினம் அளக்க வேண்டியிருக்கும். வாளியை ஒரு தடவை அளந்தாப் போதும்."

அந்தப் பதிலில் ஒரு நேர்மை இருந்தது. 

மறுநாள் அறிவிப்பு வந்தது: 'மேற்படி நோயாளி மின் ஒதுக்கீட்டு நோக்கத்துக்காக ஒன்பது நபர்களாகக் கருதப்படுகிறார். மீதமுள்ள எட்டு நபர்களின் ஒதுக்கீட்டை அந்தந்தப் படுக்கையாளர்கள் விட்டுக்கொடுத்தால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.'

வார்டில் தம்பியைத் தவிர சரியாக எட்டுப் பேர். கூச்சத்தோடு படுக்கை படுக்கையாகப் போனேன். முதல் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். காற்றுக் குரலில் அவர் பேசுவதைக் கேட்கக் காதை வாயருகே கொண்டு போக வேண்டும்.

"எதுக்கும்மா கையெழுத்து?"

"உங்க அம்பது வாட்டைத் தம்பிக்குத் தரணும்."

"அது என்கிட்ட இருக்கா? எனக்கே தெரியாதே. எங்க வச்சிருக்கேன்?"

"வச்சிருக்கீங்களாம் அண்ணே."

"இத்தனை வருஷத்துல எனக்கு எதுவுமே சொந்தமா இல்லைன்னு என் பெண்டாட்டி சொல்லுவா. அவகிட்ட சொல்லணும்." கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி பேச ஆரம்பிச்சா முதல்ல இந்த டாக்டரை நாலு கேள்வி கேக்கச் சொல்லு" என்றார்.

அடுத்தது தையல்காரர். பேச்சு கிடையாது. காகிதத்தை வாங்கி, கையெழுத்துப் போட்டு, அதன் ஓரத்தைக் கத்தரி விரல்களால் வெட்டுவது போலச் சைகை காட்டி, என்னை அளந்து பார்த்து, தலையை ஆட்டினார். துணி போதாது என்று சொல்கிறார் என்று டிரைவர் விளக்கினார். அந்த வார்டில் அன்றுதான் சிரிப்பு என்ற ஒன்று நடந்தது. சத்தம் இல்லாமல் எட்டுப் பேரின் தோள்கள் குலுங்கின.

ஏழு கையெழுத்து ஆனதும் எட்டாவது படுக்கைக்காரர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். காலிப் படுக்கை கையெழுத்துப் போடாது. யாருக்காவது தொண்டையில் நோய் வந்து அந்தப் படுக்கைக்கு வர வேண்டும். மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காம் நாள் ஒருவரைத் தள்ளு வண்டியில் கொண்டு வந்தார்கள். அவர் மனைவி அழுதுகொண்டே பின்னால் வந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எட்டாவது கையெழுத்தும் கிடைத்ததும் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் தலைவர், தளவாட அதிகாரி, மின் அதிகாரி. பெட்டியைக் காலியாகச் சோதித்தாயிற்று, பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்தாயிற்று; ஆனால் ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் அது சோதிக்கப்படாத மூன்றாவது பொருள். ஆகவே குழுவின் கண்ணெதிரே கட்ட வேண்டும் என்று முடிவானது. தம்பியைச் சக்கர நாற்காலியில் மேலே கொண்டு போனேன்.

தொடங்குமுன் தலைவர் எழுந்து பேசினார்.

"இந்தக் குழு ஆரம்பிச்சு பத்தொன்பது வருஷம் ஆச்சு. இந்தப் பத்தொன்பது வருஷத்துல எங்க அனுமதியோட வந்த ஒரு உபகரணத்தால ஒரு சின்ன மின்கசிவு கூட நடந்தது கிடையாது. இது எப்படி சாத்தியமாச்சுன்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து கேக்கறாங்க. நான் ஒளிச்சு வைக்கிற ஆள் இல்ல. இதுவரைக்கும் நாங்க ஒண்ணையும் அனுமதிக்கல."

மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள்.

"அதனால உங்க தம்பி மேல எங்களுக்கு ஒரு பெரிய பொறுப்பு இருக்கு. ஒரு மனுஷன் பேசறதும் பேசாததும் அவன் விதி. ஆனா பாதுகாப்புங்கிறது எங்க பதிவேடு. பதிவேடு கெட்டுப் போனா நாளைக்கு எத்தனை பேர் பேசினாலும் திரும்பி வராது."

தம்பி இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் கை திருப்புளியில் இருந்தது. விரல்கள் நடுங்கின. ஆனால் திருகு பள்ளத்தில் உட்கார்ந்ததும் நடுக்கம் நின்றுவிடும். அதைக் கண்ணால் பார்த்தேன். குட்டிப் பெட்டிக்குள் பவர் சப்ளையை ஒரு பக்கமாகச் சாய்த்து நுழைத்தான். வயர்களைத் தட்டையாக மடித்து, ஓரமாக ஒதுக்கி, காற்றுக்கு வழி விட்டான். ஐம்பது நிமிடம் ஆயிற்று. குழு அதற்குள் இரண்டு முறை தேநீர் குடித்தது. தம்பி வாயால் எதையும் குடிக்க முடியாதவன் என்பதால் அவனைக் கேட்கவில்லை, என்னை மறந்துவிட்டார்கள்.

செருகினான். திரையில் வெளிச்சம் வந்தது. மின் அதிகாரி தன் மீட்டரை வைத்துப் பார்த்து, முப்பத்தெட்டு என்று வாசித்தார்.

"பாத்தீங்களா சார்?" என்றேன்.

"மீட்டரைச் சரி பார்க்கணும்" என்று குறித்துக்கொண்டார். "லேபிள்ல அச்சடிச்சிருக்கு. அச்சடிச்சது மாறாது. மீட்டர் நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்லும்."

தலைவர் குனிந்து பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தார். "இதுல விசிறி சுத்தலையே?"

தம்பி தாளை இழுத்து எழுதினான். எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தன. நான் வாசித்தேன்: 'சுத்தாம இருக்கத்தான் வாங்கினேன்.'

"வேலை செய்யாத பாகத்தோட ஒரு உபகரணத்தை எப்படி அனுமதிக்கிறது?" என்றார் தளவாட அதிகாரி. "கால் ஒடிஞ்ச முக்காலியை நான் அனுமதிப்பேனா?"

"சூடானா தானா சுத்தும் சார். சூடாகாததால சுத்தல."

"சூடாக்குங்க."

"அவ்வளவு வேலை இதுக்குக் கிடையாது."

"அப்ப நிரூபணம் ஆகல." தலைவர் பேனாவை மூடினார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மேசையின் பின்பக்கம் போய், குனிந்து, அந்தக் கம்பி வலையில் வாயை வைத்து ஊதினேன். விசிறி சுற்றியது. மூச்சு வாங்க நிறுத்தினேன், நின்றது. மறுபடி ஊதினேன்.

"சுத்துது" என்றார் தலைவர். "எழுதிக்குங்க. விசிறி இயங்குகிறது."

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. வார்டில் பேசுகிற குரல் இரண்டு வகைதான்: நோயாளி, பார்வையாளர். நோயாளி பேச இயலாதவர் என்று மருத்துவப் பதிவு சொல்கிறது. ஆகவே கணினியிலிருந்து வருவது பார்வையாளரின் குரல். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. அந்த இரண்டு மணி நேரம் தவிர சுவரிலுள்ள செருகுதளத்தைப் பூட்டி, சாவியை வார்டு மேற்பார்வையாளர் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனையோடு, பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, அனுமதி கிடைத்தது. தலைவர் எனக்குக் கை கொடுத்தார். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது.

அன்று மதியமே ஆட்கள் வந்து ஒன்பது படுக்கைகளின் விசிறி, விளக்குச் சுவிட்சுகள் மேல் காகிதப் பட்டை ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அது கொளுத்துகிற வெயில் காலம். ஜன்னல்கள் பாதுகாப்புக் கருதித் திறக்கப்படாதவை. விட்டுக்கொடுப்பது என்றால் இப்படி என்று எனக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தெரியாது.

நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் பூட்டைத் திறந்தார். தம்பி தட்டினான். வார்டு முழுவதும் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"யார் இதைக் கழட்டினது?" என்றது பெட்டி.

அவன் குரல். கடையில், யாரோ அரைகுறையாகப் பிரித்துக் கொண்டு வந்த இயந்திரத்தைப் பார்த்ததும் கேட்பானே, அதே எரிச்சல். அவன் அரக்கு முத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொல் சொல்லாகச் சேர்த்து, இடையிடையே நிறுத்தி, கேட்டான்: "எல்லாருக்கும். காத்து. இல்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று டிரைவர் காற்றாகச் சொன்னார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தம்பி கணினியை அணைத்தான். என்னைப் பார்த்து மாடிப் பக்கம் கை காட்டினான். ஓடினேன்.

"திருப்பிக் கொடுக்கணுமா?" என்றார் மின் அதிகாரி. அன்றும் நாற்காலி கொடுத்தார். "விட்டுக்கொடுத்த ஒதுக்கீட்டைத் திருப்பிக் கொடுக்க விதியே இல்லையேம்மா. வாங்கினவர் இருக்கிற வரைக்கும் அது அவருது. அவருக்கு ஏதாவது ஆயிட்டா தானா பழைய இடத்துக்குப் போயிடும். விண்ணப்பம் கூட வேண்டாம்."

கீழே வந்து, பின்பாதியை விட்டுவிட்டு, முன்பாதியை மட்டும் சொன்னேன். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"போனது போச்சு. காத்தும் இல்லாம பேச்சும் இல்லாம என்னப்பா இது? பேசு. எங்க எட்டுப் பேரு கரண்டு அதுல ஓடுது. கஞ்சத்தனம் பண்ணாதே."

அதற்குப் பிறகு பதினேழு நாள் தம்பி பேசினான். அட்டைகளால் ஒருவருக்கொருவர் விசிறிக்கொண்டு அவர்கள் கேட்டார்கள். மாலைச் சுற்றுக்கு வந்த டாக்டர், "மருந்து ஒத்துக்கலையே, என்ன பண்றதுன்னு யோசிக்கிறோம்" என்றபோது, "அணைச்சு மறுபடி போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டான். டாக்டர் திடுக்கிட்டுப் பிறகு சிரித்துவிட்டார். தையல்காரர் தன் படுக்கையை இரண்டு கையாலும் அடித்தார். அவருக்காக அவர் மகளிடம் தம்பி பேசினான். அவர் எழுதிக் காட்டியதைச் சொல் சொல்லாகச் சேர்த்து, தையல்காரருக்குப் பொருந்தாத எரிச்சல் குரலில், "சாப்பிட்டியாம்மா" என்றான். அந்தப் பெண் அழுதுவிட்டாள். என்னை மூன்று தொனிகளிலும் வாயை மூடச் சொன்னான். நின்றுகொண்டே கேட்டேன். கால் வலி தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆறு மணி ஆன பிறகுதான் தெரியும்.

பதினெட்டாம் நாள், நிலைமை மோசம் என்று என்னைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு அவன் மூச்சு மாறியது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். தம்பியின் கை போர்வை மேல் நகர்ந்து, விசைப்பலகையைத் தேடிப் பிடித்தது. தட்டினான். திரை இருட்டாக இருந்தது.

"சாவியைக் கொடுங்க" என்று கத்தினேன்.

"மணி பத்துதானேம்மா ஆகுது" என்றார் மேற்பார்வையாளர். குரூரமாகச் சொல்லவில்லை. என்னைப் போலவே பயந்துபோய்ச் சொன்னார். சாவி அவர் கையில்தான் இருந்தது. அவரும் தலைவரைக் கேட்க மாடிக்கு ஓடினார்.

தம்பி தட்டிக்கொண்டே இருந்தான். விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விசைகளை அழுத்துகிறான் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் அது எந்த வாக்கியம் என்று தெரிந்திருக்கும். பிறகு விரல்கள் நின்றன.

பதினொன்றரை மணிக்கு மின் பிரிவிலிருந்து இருவர் வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் கேட்ட அன்றே நடந்த காரியம் நான் பார்த்தது அது ஒன்றுதான். அதுவும் யாரும் கேட்கவில்லை. முத்திரைகளைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுச் சோதித்தார்கள். ஒன்பது விசிறிகளும் சுற்றின. ஒன்பதாவது தம்பியின் மேல் சுற்றியது. அவன் முகத்தை மூடியிருந்த துணி ஓரத்தில் படபடத்தது. நான் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மின் அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். ஒதுக்கீடு குறைவின்றித் திரும்ப ஒப்படைக்கப்பட்டது என்று நெருங்கிய உறவினர் கையெழுத்திட வேண்டும். அலமாரி மேல் வைத்துக் கொடுத்தார். ஒரு கை துணி மேல் இருந்ததால் எனக்கு ஒரு கைதான் இருந்தது. காற்றில் காகிதம் எழும்பி எழும்பிப் புரண்டது.

"இருங்கம்மா" என்று சொல்லி, அவரே குனிந்து, இரண்டு ஓரங்களையும் விரல்களால் பிடித்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை அசையாமல் பிடித்திருந்தார்.